சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

தியாகராய நகரில் துணிமணி வாங்கிக்கொண்டு சைதாப்பேட்டை வழியாக ஊர் திரும்பும் விவசாயிகள் அடையாற்றின் மேலுள்ள மறைமலை அடிகள் பாலத்தைக் கடந்திருப்பீர்கள். முன்னாளில் அதற்கு மர்மலாங் பாலம் என்று பெயர். மாம்பலம்தான் ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆயிற்று என்பார்கள். இந்தச் சைதாப்பேட்டையில் 1780களின் இறுதியில் ஆங்கிலேயர் ஒரு தோட்டம் போட்டனர். அதில் பயிரிட்டது நெல்லும் அல்ல, கரும்பும் அல்ல. கள்ளி!

கள்ளியை எதற்காகப் பயிரிட வேண்டும்? பூச்சி வளர்க்கத்தான். மெக்சிகோ நாட்டில் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியின் மேல், நம் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளைப் பஞ்சு போர்த்திய காச்சினீல் என்ற பூச்சி உண்டு. நசுக்கினால் விரல் இரத்தமாய்ச் சிவக்கும். பெண் பூச்சிகளைக் காயவைத்துச் சாயம் எடுப்பார்கள். ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் தேவை. ஆங்கிலப் படை அதிகாரிகளின் செஞ்சட்டைக்கு இந்தச் சாயந்தான். மெக்சிகோ அப்போது ஸ்பெயின் வசம் இருந்ததால் அவர்கள் வைத்ததே விலை. சென்னையில் பூச்சி வளர்ந்தால் அந்தப் பணம் மிச்சம் என்பது கும்பெனியின் கணக்கு.

இதில் முனைந்து நின்றவர் கும்பெனியின் தலைமை மருத்துவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். முதலில் இங்குள்ள புல்லில் கண்ட ஒரு பூச்சியையே காச்சினீல் என்று நம்பி, லண்டனிலிருந்த ஜோசப் பாங்க்ஸ் என்ற தாவர அறிஞருக்குக் கடிதமேல் கடிதம் எழுதினார். அது வேறு பூச்சி. பிறகு கியூ தோட்டத்திலிருந்து கள்ளிச் செடிகள் வந்தன. ஆனால் சரியான பூச்சி வரவில்லை. 1795இல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்ததும் மட்டமான காட்டு இனமே. சாயம் தேறவில்லை. ஆண்டர்சன் 1809இல் காலமானார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி கள்ளியை வேரோடு சாகடித்தது! ஐரோப்பியர் கப்பலில் வந்த கள்ளி வேலியில் நின்றதோடு நில்லாமல் தரிசிலும் மேய்ச்சல் நிலத்திலும் பரவியிருந்தது. 1836 முதல் 1838 வரை இந்தப் பூச்சியைத் தென்னாட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். களையை அழிக்க வேண்டுமென்றே பூச்சியை விட்ட முயற்சிகளில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் இது ஒன்று. ஆனால் ஒரு கள்ளியினம் அழிய, இந்தப் பூச்சி தொடாத வேறோர் இனம் நிலத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கென வேறு காச்சினீல் இனத்தை இலங்கையிலிருந்து 1926இல் வரவழைக்க வேண்டியிருந்தது. பயிர்களைத் தொடாமல் கள்ளியை மட்டும் தின்றதே இவற்றின் நல்ல குணம்.

பப்பாளி மாவுப்பூச்சி வந்த நாட்களில் எனக்கு இந்தக் கதைதான் நினைவில் ஓடியது. அதுவும் மெக்சிகோ பக்கத்துப் பூச்சிதான். 2008இல் கோவையில் தெரிந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது. 2010இல் போர்ட்டோ ரீகோ தீவிலிருந்து அசிரோஃபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டது. குப்பியோடு தோட்டத்துக்குப் போனபோது ஒரு விவசாயி கேட்டார்: "ஏனுங்க சார், இருக்கிற பூச்சி போதாதுன்னு நீங்க வேற கொண்டாந்து விடறீங்களா?" கேள்வி நியாயமானதே. அந்தக் குளவி வேறு எதைத் தாக்கும் என்று சோதித்த பிறகே வெளியில் விட அனுமதி கிடைத்தது என்று விளக்கினேன். அரைமனதோடு சம்மதித்தார். சில மாதங்களில் அவர் தோட்டத்துப் பப்பாளி புதுக் குருத்து விட்டது.

இப்போதும் பப்பாளி இலையைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சிகளுக்கிடையே பழுப்பு நிறத்தில் உப்பி, விறைத்துப்போன பூச்சிகள் தெரிந்தால் குளவி உள்ளே வேலை செய்கிறது என்று அறியலாம். அந்தச் சமயத்தில் மருந்து தெளித்தால் முதலில் சாவது குளவிதான். அத்தகைய இலைகள் சிலவற்றைக் கிள்ளி, குளவி இல்லாத தோட்டத்தில் பூச்சி தாக்கிய செடியில் கட்டிவைக்கலாம்.