நாய் வண்டிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

சென்னை மாநகராட்சி 1860-ல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். அப்படியும் நாய்கள் குறையவில்லை. 1990-களின் நடுவில் ஒரே நாளில் 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன.

இந்தப் பலனற்ற கணக்கைத்தான் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸைச் சேர்ந்தவர்கள் மாநகராட்சியின் முன் திரும்பத் திரும்ப வைத்தார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடுங்கள் என்று 1964-லேயே கேட்டவர்கள் அவர்கள். ஒரு தெருவை நாய்கள் இல்லாமல் காலி செய்தால், அங்கே குப்பையும் சாப்பாடும் இருக்கும்வரை பக்கத்துத் தெரு நாய்கள் வந்து குடியேறிவிடும் என்பது அவர்கள் வாதம். மாநகராட்சி கொலையைக் கைவிட 1996 ஆனது. சாதாரணக் குடிமக்களின் விடாப்பிடி ஒரு மாநகராட்சியையே மாற்றியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இன்று அதே முறைதான் சட்டம். 2001-ல் வந்த விதிகளுக்குப் பதிலாக 2023-ல் புதிய விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. இடுக்கியோ கம்பியோ போட்டு நாயைப் பிடிக்கக் கூடாது. விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லாத அமைப்பிடம் கருத்தடை வேலையைக் கொடுக்கக் கூடாது. அறுவை முடிந்த நாய்க்குக் காதில் அடையாள வெட்டு இருக்க வேண்டும். அகற்றிய உறுப்புகளை எண்ணிச் சரிபார்த்த பிறகே அழிக்க வேண்டும். கடைசி விதி அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் போகும் இடத்தில் பொய்க்கணக்கைப் பிடிக்க அதுதான் வழி.

2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம், ரேபிஸ் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்று நவம்பர் 7-ல் உத்தரவிட்டது. புகார் எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கடிபட்டவர்களின் பயத்தை அலட்சியம் செய்யவே கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். கருத்தடையும் தடுப்பூசியும் ஏட்டில் மட்டும் நடந்தால் ஆபத்து தெருவில்தான் வந்து நிற்கும்.

சென்னையில் தெருநாய் பற்றிய புகாருக்கு 1913 என்ற எண்ணை அழைக்கலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். வார்டில் எத்தனை நாய்களுக்கு அறுவை நடந்தது, யாருக்கு எவ்வளவு பணம் போனது, அந்த அமைப்பின் அங்கீகாரச் சான்றிதழ் எங்கே, கருத்தடைப் பணியைக் கண்காணிக்கும் குழு எப்போது கூடியது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். கிடைத்த பதிலில் விதிமீறல் தெரிந்தால் நகலோடு விலங்குகள் நல வாரியத்துக்கு எழுதலாம், உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.