மாத்திரை போட்டும் வெள்ளைப்படுதல் திரும்ப வருதா? துணைக்கும் சிகிச்சை தேவைப்படலாம்!

வெள்ளைப்படுதல் என்றாலே ‘உடம்பு சூடு’ என்று மோர் குடித்துச் சமாளிப்பவர்கள் பலர். மெடிக்கலில் கேட்டு, பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரை வாங்கிப் போடுபவர்களும் உண்டு. ஆனால், காரணம் டிரைக்கோமோனியாசிஸ் என்றால் இரண்டுமே பலன் தராது.

அது என்ன தொற்று?

ஒரு செல் ஒட்டுண்ணியால் ஏற்படும் பால்வினைத் தொற்று இது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ல் மட்டும் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 15.6 கோடி பேருக்குப் புதிதாக ஏற்பட்டது. முழுமையாகக் குணப்படுத்தக்கூடியது என்பதுதான் ஆறுதல்.

அறிகுறிகள் என்ன?

பெண்களுக்கு மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில், நாற்றத்துடன் வெள்ளைப்படலாம். அரிப்பு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், உறவின்போது வலி இருக்கலாம். ஆண்களில் சிலருக்கு எரிச்சல் இருக்கும். பலருக்கு எதுவுமே தெரியாது.

அறிகுறி இல்லாமலே மாதக்கணக்கில் உடலில் தங்கும் என்பதால், ‘யாரால வந்துச்சு?’ என்று தேதியை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

கவனிக்காமல் விட்டால்?

ஹெச்ஐவி தொற்றும் அபாயம் கூடும். கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவம், குழந்தையின் எடை குறைவு ஆகியவற்றுடன் இதற்குத் தொடர்பு உண்டு.

மீண்டும் வருவது ஏன்?

மெட்ரோனிடசோல் போன்ற மாத்திரைகளை டாக்டர் பரிந்துரைப்பார். பெண்களுக்குப் பொதுவாக 7 நாள் கோர்ஸ். மனைவி முழுசாக முடித்திருப்பார். கணவரோ, ‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு மாத்திரை போடணும்?’ என்பார். அவரிடம் தொற்று இருந்தால், அடுத்த உறவிலேயே அது மனைவிக்குத் திரும்பிவிடும். ஒருமுறை வந்து குணமானால் மறுபடி வராது என்ற பாதுகாப்பும் கிடையாது.

எனவே, இருவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். இருவரும் மாத்திரையை முடித்து, அறிகுறிகள் மறையும் வரை உறவைத் தவிர்க்க வேண்டும். பெண்கள் 3 மாதத்துக்குள் மறுபரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தடுப்பது எப்படி?

ஆணுறை அபாயத்தைக் குறைக்கும். பிறப்புறுப்பின் உட்புறத்தை சோப்பு, வாஷ் போட்டுக் கழுவ வேண்டாம். அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களை அது பாதிக்கும்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மற்றும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கான சிகிச்சை இலவசம். நேரில் கேட்கத் தயக்கமா? 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். போகும்போது மட்டும் தனியாகப் போகாதீர்கள். துணையையும் அழைத்துச் செல்லுங்கள்.