தப்பு காரிலா, காலிலா? 4 பேர் பலியான விபத்தைக் கிளறிய ‘பாட்காஸ்ட்’. கேட்டவர்கள் இடையே காரசார மோதல்!

கார் ஒன்று தறிகெட்டு ஓடுகிறது. உள்ளே 4 பேர். அதில் ஒருவர் போலீசுக்குப் போன் போடுகிறார். ஆக்சிலேட்டர் மாட்டிக்கிச்சு, பிரேக் பிடிக்கலே என்று பதறுகிறார். ரோடு முடியும் இடம் நெருங்குகிறது. அத்தோடு குரல் நின்று போகிறது.

இது நடந்தது அமெரிக்காவில். கலிபோர்னியா மாநிலம் சான்டியாகோ பக்கத்தில் உள்ள சான்டீ என்ற ஊரில். நாள்: 2009 ஆகஸ்ட் 28.

ஓட்டியவர் கத்துக்குட்டி அல்ல. நெடுஞ்சாலைப் போலீஸ் அதிகாரி! அன்று டூட்டி இல்லை. மனைவி, 13 வயது மகள், மைத்துனர் ஆகியோரை ஏற்றிக்கொண்டு போனார். மணிக்கு 160 கிலோ மீட்டருக்கும் மேலான வேகத்தில் பறந்த கார் இன்னொரு வண்டியை இடித்து, வேலியைப் பிய்த்துக்கொண்டு சரிவில் பாய்ந்தது. மளமளவென்று தீப்பிடித்தது. 4 பேரும் பரிதாபமாக இறந்தார்கள்.

அந்தப் போன் குரல் டி.வி.யில் ஒலித்தபோது அமெரிக்காவே உறைந்தது. கார், டொயோட்டா கம்பெனியின் லெக்சஸ். “என் காரும் அப்படித்தான் பாய்ஞ்சுது” என்று ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். கம்ப்யூட்டர் கோளாறு என்று பேச்சு பரவியது. லட்சக்கணக்கான கார்களைக் கம்பெனி திரும்ப வரவழைத்தது. 2010 பிப்ரவரியில் முதலாளி அகியோ டொயோடாவே அமெரிக்கப் பாராளுமன்றக் குழு முன்பு வந்து மன்னிப்புக் கேட்டார்.

விஷயம் அத்தோடு அடங்கிப் போயிருக்கும். கிளறி விட்டவர் மால்கம் கிளாட்வெல்.

காதில் விழுந்த குண்டு

கிளாட்வெல் பெயர் பெற்ற எழுத்தாளர். 2016-ல் ‘ரிவிஷனிஸ்ட் ஹிஸ்டரி’ என்று ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். ரேடியோ நிகழ்ச்சி மாதிரிதான். ஆனால் பஸ்சில் போகும்போதோ, கடையைச் சாத்தின பிறகோ, செல்போனில் நினைத்த நேரத்துக்குக் கேட்கலாம். ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொண்ட பழைய சங்கதிகளைத் திருப்பிப் பார்ப்பதே அதன் வேலை. அதே ஆண்டு ஆகஸ்டில் டொயோட்டா விவகாரத்தைக் கையில் எடுத்தார்.

அவர் போட்ட குண்டு இதுதான்: பெரும்பாலான கேஸ்களில் காரில் கோளாறே இல்லை. ஓட்டியவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து விட்டார்!

கேட்டால் நம்பத் தோன்றாது. ஆனால் காரணம் இருக்கிறது. கால் இடம் மாறி விழுகிறது. கார் பாய்கிறது. பயந்து போனவர் இன்னும் அழுத்தி மிதிக்கிறார். கார் இன்னும் பாய்கிறது. கடைசி வரை பிரேக்கில்தான் கால் வைத்திருந்தேன் என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறார்.

கிளாட்வெல் பேச்சு வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. கார் பத்திரிகை ஒன்று 2009-லேயே டொயோட்டா கேம்ரி காரை 70 மைல் வேகத்தில் விட்டு, ஆக்சிலேட்டர் முழுக்க அமுங்கிக் கிடக்கும்போதே பிரேக் போட்டுப் பார்த்தது. 190 அடியில் கார் நின்றது. வழக்கத்தை விட 16 அடிதான் கூட! விண்வெளிக்கு ராக்கெட் விடுகிற நாசா என்ஜினீயர்களும் 10 மாதம் குடைந்தார்கள். அந்தப் பாய்ச்சலுக்குக் காரணமான எலக்ட்ரானிக் கோளாறு அகப்படவில்லை என்று 2011-ல் அறிவிப்பு வந்தது.

இதே கூத்து 1986-லும் நடந்திருக்கிறது. ஆடி கார் தானாகப் பாய்கிறது என்று டி.வி.யில் காட்டினார்கள். காட்டிய காரில் ‘வேலை’ செய்து வைத்திருந்தது பிறகு அம்பலம் ஆனது. 1989-ல் அரசாங்கமே பெடல் குழப்பம்தான் காரணம் என்றது. என்ன பிரயோஜனம்? அமெரிக்காவில் 1985-ல் சுமார் 74 ஆயிரம் கார் விற்ற கம்பெனி, 1991-ல் சுமார் 12 ஆயிரத்துக்கு இறங்கிப் போனது.

செத்தவர் மேலா பழி?

கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

கம்ப்யூட்டர்தான் ஆளைக் கொன்றது என்று நம்பியிருந்தோம், கண் திறந்தது என்றார்கள் ஒரு கட்சியினர். பெடலை மாற்றி மிதிப்பது யாருக்கும் வரும், அதைத் தெரிந்துகொண்டால் உயிர் பிழைக்கும் என்பது அவர்கள் வாதம்.

எதிர்க்கட்சி கொதித்தது. கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று சாடியது. அவர்கள் கையிலும் சரக்கு உண்டு. 2013 அக்டோபரில் ஓக்லஹோமா கோர்ட்டில் ஒரு கேம்ரி வழக்கு. பெண்மணி ஒருவர் ஓட்டிய காரில் தோழி பலி. ரோட்டில் டயர் தேய்ந்த தடம் நீளமாகக் கிடந்தது. பிரேக் போடாமல் தடம் எப்படி விழும்? சாப்ட்வேரில் ஓட்டை என்று நிபுணர் சாட்சி சொன்னார். ஜூரி 30 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இன்னொரு அடி. கோளாறுகளை ஜனங்களிடம் மறைத்த குற்றச்சாட்டில் 120 கோடி டாலர் கட்ட டொயோட்டா ஒப்புக்கொண்டது. இவ்வளவும் இருக்க, காலைக் குறை சொல்லலாமா?

வண்டி வேலை தெரிந்தவர்கள் கிளப்பிய சங்கதி வேறு. ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்து கிடக்கும்போது முதல் மிதியில் பிரேக் பிடிக்கும். விட்டு விட்டு மிதித்தால் போச்சு! வாக்குவம் தீர்ந்து பெடல் கல் மாதிரி இறுகிவிடும். சோதனை மைதானத்தில் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தே மிதிக்கிறவரும், பின் சீட்டில் பிள்ளை அலற மிதிக்கிறவரும் ஒன்றா?

நியாயமான கேள்வி. கணக்கு பார்த்தால் கிளாட்வெல் பக்கம் பலம் அதிகம்தான். ஊர் ஊராக வந்த புகார்களில் பெரும்பகுதிக்கு அவர் சொன்னதே பொருந்தும். ஆனால் ஜனங்களை நடுங்க வைத்த அந்தச் சான்டீ கேஸ் மட்டும் அதில் சேராது.

மிதியடி!

அங்கே கால் தப்பவில்லை. அந்த லெக்சஸ், அதிகாரியின் சொந்தக் கார் சர்வீசுக்குப் போனதால் டீலர் மாற்றாகக் கொடுத்த வண்டி. வேறொரு பெரிய மாடலுக்கு உண்டான ரப்பர் மிதியடியை அதில் போட்டிருந்தார்கள். கொக்கியும் மாட்டவில்லை. அது முன்னால் நகர்ந்து ஆக்சிலேட்டரை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. பிரேக் சூட்டில் வெந்து போயிருந்தது. பாவம், அந்த மனிதர் பிரேக்கைத்தான் மிதித்திருக்கிறார்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. கியரை நியூட்ரலுக்குத் தள்ளியிருக்கலாம். ஆனால் பழக்கம் இல்லாத வண்டி. சாவி கிடையாது, பட்டன். ஓடும்போது அதை 3 வினாடி விடாமல் அழுத்தினால்தான் என்ஜின் அணையும். அந்த அவசரத்தில் யாருக்குத் தெரியும்? பிரேக்கை மிதித்தால் ஆக்சிலேட்டர் தானாக அடங்கும் ஏற்பாட்டை டொயோட்டா பிறகுதான் புதுக் கார்களில் வைத்தது.

இன்னொரு திடுக்கிடும் தகவலும் விசாரணையில் வெளிவந்தது. விபத்துக்குச் சில நாள் முன்பு அதே காரை வேறொரு வாடிக்கையாளர் எடுத்துப் போனார். அவருக்கும் மிதியடி பெடலில் மாட்டி, கார் பாய்ந்தது. அவர் எப்படியோ நிறுத்திவிட்டார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது டீலர் கடை வரவேற்பில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டே போனார்.

மிதியடியை யாரும் மாற்றவில்லை. கார் அடுத்த ஆளுக்குப் போனது.