உங்களுக்குத் தெரியுமா? காலரா மருந்துக்கு மார்க் போடுவது எப்படி

● இப்போது பெருமளவில் கொடுக்கப்படும் காலராத் தடுப்பு மருந்து ஊசியல்ல, குடிப்பது. ஒன்றரை மில்லி திரவம். உள்ளே இருப்பவை செத்த காலராக் கிருமிகள்.

● 2006-ல் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் சுமார் 67,000 பேர் இரண்டு தவணை குடித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் குடித்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான போலி மருந்து. அதிலும் செத்த கிருமிதான், ஆனால் ஈ.கோலி என்ற வேறு கிருமி. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. ஐந்தாண்டுக் கணக்கில் கிடைத்த பாதுகாப்பு 65 சதவீதம். மருந்து குடித்த நூறு பேரில் 35 பேருக்குக் காலரா வந்தது என்று இதைப் படித்துவிடக் கூடாது! மருந்தில்லாமல் நூறு பேருக்கு வந்திருக்கக்கூடிய இடத்தில் 35 பேருக்கே வந்தது.

● வங்கதேசத்தின் மத்லாபில் 1985-ல் தொடங்கிய காலரா மருந்துச் சோதனையின் ஏடுகளை ஆய்வாளர்கள் பின்னாளில் மறுபடி புரட்டினார்கள். 2005-ல் வெளியான முடிவு வேடிக்கையானது. மருந்து குறைவாகப் போய்ச் சேர்ந்த இடங்களில், போலி மருந்து குடித்த ஆயிரம் பேரில் 7 பேருக்குக் காலரா. பாதிக்கு மேற்பட்டோர் நிஜ மருந்து குடித்த இடங்களிலோ, அதே போலி மருந்துக்காரர்களில் ஆயிரத்துக்கு ஒன்றரைப் பேர்தான். பக்கத்து வீட்டார் குடித்த மருந்து இவர்களையும் காத்திருக்கிறது. இதனால் கணக்கு குழம்பியது. இரு தரப்புமே தப்பிவிட்டால் வித்தியாசம் எங்கே தெரியும்? மருந்து குறைவாகப் போன இடத்தில் அதன் வீரியம் 62 சதவீதம். நிறையப் போன இடத்தில் வெறும் 14! ஒரே மருந்துதான். ஒற்றைச் சதவீதத்தை நம்பி மருந்தை எடைபோடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

● ஹெய்ட்டியில் 2012-ல் மருந்து கொடுத்த பிறகு, காலரா வந்தவர்களையும் வராத அக்கம்பக்கத்தாரையும், மருந்து குடித்தீர்களா என்று விசாரித்து ஒப்பிட்டார்கள். ஆனால் மருந்து குடித்தவர்கள் இயல்பிலேயே கை கழுவுகிற, தண்ணீரைக் காய்ச்சுகிற ஆட்களாக இருந்துவிட்டால்? அதற்கும் ஒரு சோதனை வைத்தார்கள். காலரா அல்லாத சாதாரண வயிற்றுப்போக்குடன் வந்தவர்களிடமும் அதே விசாரணை. காலரா மருந்து அதையும் தடுத்ததாகக் கணக்கு சொன்னால், கோளாறு கணக்கில் என்று அர்த்தம். அப்படி எதுவும் தென்படவில்லை. என்னைக் கேட்டால், இந்த வரிசையிலேயே கெட்டிக்காரத்தனமான யோசனை இதுதான்.

● கினியில் அதே 2012-ல், நோய் பரவிக்கொண்டிருந்தபோதே மருந்து கொடுத்தார்கள். இரண்டு தவணைக்கு 86 சதவீதத்துக்கு மேல் பலன்.

● பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெரியவர்களுக்கும் ஐந்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் 64 சதவீதப் பாதுகாப்பு. ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு 30தான்.

● 2022 அக்டோபரில், நோய் பரவும் இடங்களுக்கான இரண்டு தவணை ஒன்றாகச் சுருக்கப்பட்டது. காரணம், கையிருப்புப் பற்றாக்குறை.