மல்லர் வழி (17): ஐம்பத்தேழு கிலோ

சென்ற வாரம் அமன் ஷெராவத்தைப் பாரிஸ் நகரத்து எடைமேடைக்கு முன்னால் நிறுத்தியிருந்தோம். தாய் தந்தையரைச் சிறுவயதிலேயே இழந்து, டில்லி சத்ரசால் மைதானமே வீடாக வளர்ந்த அவருடைய பால்ய வரலாறு வாசகர்களுக்கு நினைவிருக்கும். இனி அவர் எந்த எடையில் நிற்பது, எந்த உத்தியோகத்தை நம்புவது, களத்தை விட்டு இறங்கிய பிறகு எங்கே போவது என்ற மூன்று விஷயங்களையும் இந்த வாரம் பேசுவதாக ஏற்பாடு. முதல் விஷயத்துக்காகப் பழைய ஒலிம்பிக் முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் ஒரே ஒரு பிரிவுக்குரிய மூன்று பெயர்கள் கண்ணில் பட்டன. அவற்றைப் பார்த்த கணத்திலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

பாரிஸில் 2024 ஆகஸ்டில் அமன் வெண்கலம் பெற்றது ஆடவர் ஃப்ரீஸ்டைல் 57 கிலோ பிரிவில். அரையிறுதியில் அவரை 10–0 என்று முதல் சுற்றிலேயே முடித்துவிட்டு, மறுநாள் தங்கம் வென்றவர் ஜப்பானியரான ரெய் ஹிகுச்சி. ஹெல்சிங்கியில் சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்த காஷாபா தாதாசாகேப் ஜாதவ் வென்றதும் வெண்கலமே. அவர் நின்றதும் அதே 57 கிலோ பிரிவே. அவரைத் தோற்கடித்துத் தங்கம் வென்றவரும் ஒரு ஜப்பானியரே. ஷோஹாச்சி இஷி என்பது அவர் பெயர். எழுபத்திரண்டு ஆண்டு இடைவெளியில், ஒரே எடையில், ஒரே தேசத்து வீரனிடம் தோற்று, ஒரே நிறப் பதக்கத்தோடு இரண்டு இந்தியர்கள் வீடு திரும்பியிருக்கிறார்கள். ஹெல்சிங்கியில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே தங்கம் இஷியினுடையது என்பதையும், யுத்தத்தில் நொறுங்கிப்போன அந்தத் தேசம் மீண்டும் ஒலிம்பிக் மேடையின் உச்சியில் நின்றது அந்தப் பதக்கத்தினால்தான் என்பதையும் சேர்த்து எண்ணும்போது, ஜாதவின் தோல்வி எத்தகைய எதிராளியிடம் நேர்ந்தது என்பது விளங்குகிறது.

ஜாதவ் 1926ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி, சதாரா ஜில்லாவில் கராட் நகரை அடுத்த கோலேஷ்வர் கிராமத்தில் பிறந்தார், தகப்பனார் பயில்வான், பிள்ளையும் மண் கோதாவிலேயே தவழ்ந்தவர். கோல்ஹாப்பூர் ராஜாராம் கல்லூரியில் படிக்கும்போதே, 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 52 கிலோ பிரிவில் நின்று ஆறாவது இடம் பெற்றார். அதுவரை மெத்தை விரிப்பின்மேல் குஸ்தி பிடித்த பழக்கமே அதிகம் இல்லாத ஒருவர், புதிய விதிகளையும் புதிய தளத்தையும் ஒரே சமயத்தில் சந்தித்து ஆறாவதாக வந்தது சாமானியமான காரியம் அன்று. அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர் உடல் வளர்ந்தது. அந்த வளர்ச்சியைப் பட்டினி போட்டு ஒடுக்காமல், ஒரு படி மேலே ஏறி 57 கிலோவுக்குச் சென்றார்.

ஹெல்சிங்கிக்குப் போகப் பணமில்லை. ஊர் ஊராக வசூல் செய்தும் போதாமற்போகவே, ராஜாராம் கல்லூரியின் முதல்வர் கார்டிகர் தம்முடைய வீட்டை அடகு வைத்து 7000 ரூபாய் கொடுத்தார் என்ற செய்தியைப் படிக்கும்போது, ஒரு மாணவனின் தோள்வலிமையில் ஒரு கல்லூரி முதல்வருக்கு இருந்த நம்பிக்கை எத்தனை பெரியது என்று வியக்காமல் இருக்க முடியவில்லை. களத்தில் கனடா, மெக்ஸிகோ, ஜெர்மனி வீரர்களை வென்று வந்த ஜாதவ், இஷியோடு நெடுநேரம் போராடித் தோற்றார். உடனே சோவியத் வீரர் ரஷீத் மமத்பேயோவோடு மோதும்படி அழைக்கப்பட்டார் என்றும், இரண்டு போட்டிகளுக்கு நடுவே அரைமணி ஓய்வு தரவேண்டும் என்ற விதியை எடுத்துச் சொல்லி வாதாட இந்திய அதிகாரி ஒருவரும் அருகில் இல்லை என்றும் சொல்லப்படுகிறது. சோவியத் வீரருக்கு வெள்ளி, ஜாதவுக்கு வெண்கலம். திரும்பி வந்த வீரரைக் கராட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக அழைத்துச் சென்றன. இன்னொரு தனிநபர் பதக்கத்தை இந்தியா காண 1996 வரையிலும், குஸ்தியில் இன்னொரு பதக்கத்தைக் காண 2008 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது.

கோல்ஹாப்பூர் என்றதும் தஞ்சைக்காரர்களாகிய நமக்கு ஓர் உறவு தோன்றுவது இயல்பு. சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையில் நாட்டிய அரசும், சிவாஜியின் வழியில் கோல்ஹாப்பூரில் நிலைத்த அரசும் ஒரே போன்ஸ்லே குடியின் இரண்டு கிளைகள். தஞ்சைக் கிளை ஏட்டுக்கும் இசைக்கும் நடனத்துக்கும் தன் பொருளை வாரி வழங்கி, சரஸ்வதி மகாலை உலகத்துக்கு விட்டுச் சென்றது. கோல்ஹாப்பூர்க் கிளையோ, சாஹு மகாராஜாவின் காலத்தில், 1912ஆம் ஆண்டு காஸ்பாக் என்னும் மாபெரும் குஸ்தி மைதானத்தைக் கட்டி முடித்தது. ஜாதவ் உருவானது அந்த மைதானத்தின் நிழலில். ஓர் அரசு எதைப் போற்றுகிறதோ அது அந்த மண்ணில் நூறாண்டு நிற்கிறது என்பதற்கு, இங்கே நூலகமும் அங்கே கோதாவும் இன்றும் சாட்சி.

ஆனால் காவிரிக் கரைக்கு மற்போர் அந்நியமானது என்று ஒருவரும் எண்ணிவிட வேண்டாம். உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனைக் களத்தில் வீழ்த்திய செய்தியைப் புறநானூற்றில் சாத்தந்தையாரின் மூன்று பாடல்கள் பேசுகின்றன; அவன்மேல் காதல்கொண்ட நக்கண்ணையாரின் மூன்று பாடல்கள் அவற்றைத் தொடர்கின்றன. ஒரு கால் எதிராளியின் மார்பிலும் மற்றொரு கால் முதுகிலும் அமைய அவன் மடக்கிய பிடியைப் புலவர் வருணிக்கும் நுட்பத்தைப் பார்த்தால், கோதாவின் ஓரத்தில் நின்று கண்ணால் கண்டவரின் வாக்கு அது என்றே கொள்ளத் தோன்றுகிறது. தந்தைக்கும் மகனுக்கும் அப்போது பகை. மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் அந்தத் தித்தன் இந்த வெற்றியைக் காண வேண்டுமே என்று புலவர் ஏங்குகிறார். அரசிளங்குமரன் ஒருவன் மல்லனாக நின்றதும், அவனைப் பெற்றவன் எதிர்ப்புறம் நின்றதும் நம் ஆற்றங்கரையில் நடந்தவை. இதைத் தனியே ஒரு வாரம் விரித்தெழுதும் எண்ணமும் உண்டு.

இனி எடையின் விஷயம். 2018 முதல் ஒவ்வொரு பிரிவின் போட்டியும் இரண்டு நாள் நடக்கிறது. இரண்டு நாட்காலையிலும் எடை பார்க்கிறார்கள். உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் ஒரு கிராம்கூடச் சலுகை இல்லை. முதல் நாள் எடையைக் காட்டிவிட்டு, உண்டு, நீர் அருந்தி, மூன்று போட்டிகள் பிடித்த உடம்பு மறுநாட்காலை மீண்டும் பழைய எடைக்கு இறங்கியாக வேண்டும். ஓர் இரவில் இறங்குவது கொழுப்பு அன்று, தசையும் அன்று, நீர். குறுவை அறுவடையின்போது மழையில் நனைந்த நெல்லைச் சாலையோரத்தில் கொட்டிக் கிளறி, கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் கொண்டுவர நம் விவசாயி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு, மல்லன் தன் உடம்பை என்ன செய்கிறான் என்பதை விளக்க வேண்டியதில்லை. நெல்லுக்காவது வெயில் வரும்வரை காத்திருக்க இடமுண்டு.

பாரிஸில் அரையிறுதி முடிந்த இரவு அமனின் எடை 61.5 கிலோ. விரிப்பின்மேல் நின்றபடியே பயிற்சி, வெந்நீர்க் குளியல், நீராவி அறை, ஓட்ட இயந்திரம் என்று விடியும்வரை உழைத்து, இடையிடையே வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து ஒவ்வொரு வாயாகக் குடித்து, பத்து மணி நேரத்தில் 4.6 கிலோவைக் குறைத்தார். அதற்கு முந்தின நாள்தான், இறுதிப் போட்டிக்குச் சென்றிருந்த வினேஷ் போகத், 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடுதல் என்று விலக்கப்பட்டிருந்தார். ஜப்பானின் யூயி சுசாகியை, வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்றறியாதவரை, வீழ்த்திய மறுநாள் வினேஷுக்கு அந்தக் கதி. அந்தத் துயரம் கண்ணெதிரே இருக்க, ஓர் இருபத்தொரு வயதுப் பிள்ளை இரவெல்லாம் விழித்து எடையைக் குறைத்து, மறுநாள் போர்ட்டோ ரிக்கோவின் டேரியன் குரூஸை 13–5 என்று வென்று, தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற இந்தியர்களில் மிக இளையவரானார்.

வினேஷுக்கு அப்போது ஆறுதல் எழுதியவர்களில் ஹிகுச்சியும் ஒருவர். அந்த வேதனை அவருக்கு நேரே தெரியும். 2016ஆம் ஆண்டு ரியோவில் இருபது வயதில் வெள்ளி வென்ற அவர், 2021 ஏப்ரலில் அல்மாட்டியில் நடந்த ஆசியத் தகுதிப் போட்டியில் 50 கிராம் அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் ஜப்பானுக்குள் நடந்த தேர்வுப் போட்டியிலும் தோற்று, சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கை வெளியே நின்று பார்த்தார். அதன்பின் அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். 61 கிலோவுக்கு ஏறி, 2022இல் உலக வாகை சூடி, உடம்பைத் தன் வசப்படுத்திக்கொண்டு, மீண்டும் 57 கிலோவுக்கு இறங்கிப் பாரிஸில் தங்கத்தை எடுத்தார்.

அமனும் அப்படிச் செய்யலாமே என்று கேட்பவர்கள் பலர். உலகப் போட்டியில் பத்து எடைப் பிரிவுகள் உண்டு, ஒலிம்பிக்கில் ஆறே. 57க்கு அடுத்து அங்கே 65தான். நடுவிலுள்ள 61 கிலோ, ஒலிம்பிக் கனவு உள்ளவனுக்கு ஒரு தங்கல்மடமே ஒழிய வீடாகாது. 65க்குப் போனால் அங்கும் ஒரு ஜப்பானியர், கோத்தாரோ கியோக்கா, பாரிஸ் தங்கத்தோடு நிற்கிறார். நம் நாட்டிலேயே 2025இல் 23 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வென்ற சுஜீத் கல்கல் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார். ஆகவே தெரிந்த வீட்டிலேயே இருந்துவிடுவது உத்தமம் என்பது அவர்கள் கட்சி.

அந்தக் கட்சி எனக்குச் சம்மதம் இல்லை. 2025 செப்டம்பரில் ஸாக்ரெப் நகரத்து உலகப் போட்டியில் அமன் 57 கிலோவுக்கு 1.7 கிலோ கூடுதலாக வந்து, ஒரு பிடிகூடப் பிடிக்காமல் திரும்பினார். மல்யுத்தச் சம்மேளனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. பின்னர் அதை நீக்கியும் கொண்டது. ஒழுங்கீனம் என்று அதைப் பலர் கண்டித்தார்கள். எனக்கு அது உடம்பு தந்த வாக்குமூலமாகவே படுகிறது. ஹிகுச்சி முதிர்ந்த தேகம். எலும்பும் தசையும் நிலைபெற்ற பிறகு கணக்குப் போட்டு இறங்கினார். அமனுக்கு இருபத்திரண்டு வயது. தோளும் தொடையும் இன்னும் விரியும் பருவம். பதக்கம் தந்த எடை என்பதற்காக வளரும் சரீரத்தை அதற்குள் அடைத்து வைத்தால், ஆட்டத்தின் ஆறு நிமிஷத்துக்கு வேண்டிய பலத்தை முந்தின இரவின் நீராவி அறையிலேயே செலவிட்டுவிட நேரும். முன்னோர் வழியும் மேலேறும் வழியாகவே இருக்கிறது. ஜாதவ் 52இலிருந்து 57க்கு ஏறி வென்றார். யோகேஷ்வர் தத் 2004இல் ஏதென்ஸில் 55 கிலோவில் நின்றவர், 60க்கு ஏறி 2012இல் லண்டனில் பதக்கம் பெற்றார். அவரை 2008இல் பெய்ஜிங்கில் கால் இறுதியில் நிறுத்தியவரும் ஒரு ஜப்பானியர், கெனிச்சி யூமோட்டோ. லண்டன் இறுதிப் போட்டியில் சுஷில்குமாரை வென்றவரும் ஒரு ஜப்பானியர், தத்சுஹிரோ யோனெமிட்சு. ஜப்பானியரைத் தவிர்த்துவிட்டு மேலேறும் எடை எதுவும் நம்மவர்க்கு வாய்த்ததில்லை. பாரிஸில் மட்டும் எட்டுத் தங்கம் குஸ்தியில் வென்ற தேசம் அது.

2026 செப்டம்பரில் ஆசிய விளையாட்டுகள் ஜப்பானிலேயே, ஐச்சி–நகோயாவில் தொடங்குகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் 2028இல். எட்டு கிலோவைத் தசையாகச் சேர்க்க ஓராண்டு போதாது, இரண்டரை ஆண்டு போதும். அமன் 61 கிலோவில் சில காலம் தங்கிப் பழகி, 65க்கு ஏற வேண்டும். நகோயா கைநழுவினாலும் நழுவட்டும். என் தீர்ப்பு இதுவே.

உத்தியோகம், லீக் பணம், அரசியல் அழைப்பு ஆகிய மற்ற இரண்டு கேள்விகளுக்குரிய விஷயங்களை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம். ஜாதவ் 1955இல் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த வரலாறும், 1984இல் சாலை விபத்தில் மறைந்த அவருக்குப் பல ஆண்டுகள் கழித்தே அர்ஜுனா விருது அளிக்கப்பட்ட வரலாறும் அதற்கு முன்னுரையாக அமையும். இதற்கிடையில், டெல்டா வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் கோதா இருந்த இடமோ, அதில் பிடித்த பயில்வான்களின் நினைவோ வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தால், கேட்டு எழுதி அனுப்புங்கள்.