மார்ச்சில் மாநாடு, டிசம்பரில் ராணுவச் சட்டம்

சியோலின் ஷில்லா ஹோட்டலில் 2024 மார்ச் 18 அன்று மூன்றாவது ‘ஜனநாயகத்துக்கான உச்சி மாநாடு’ தொடங்கியது. முதல் நாள் அமைச்சர்களுக்கு, இரண்டாம் நாள் ஆய்வாளர்களுக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும், மூன்றாம் நாள் காணொளி வழியே நாட்டுத் தலைவர்களுக்கு என்று பிரித்திருந்தார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஆண்டனி பிளிங்கன் நேரில் வந்திருந்தார். வட கொரியா தன் பங்குக்கு அன்று காலையிலேயே ஏவுகணைகளைக் கடலில் விட்டு வாழ்த்துச் சொன்னது.

மாநாட்டின் கருப்பொருள், எதிர்காலத் தலைமுறைக்கான ஜனநாயகம். செயற்கை நுண்ணறிவு, டீப்ஃபேக், இணையத்தில் பரவும் பொய்ச் செய்தி ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு நடந்தது. பொய்ச் செய்தி தனிமனித உரிமையை மட்டுமல்ல, ஜனநாயக அமைப்பையே அச்சுறுத்துகிறது என்று தொடக்க உரையில் எச்சரித்தார் தென் கொரிய அதிபர் யூன் சுக் யோல்.

அதே அதிபர் டிசம்பர் 3 இரவு பத்தரை மணி வாக்கில் தொலைக்காட்சியில் தோன்றி, நாட்டில் ராணுவச் சட்டம் அமலாகிறது என்று அறிவித்தார்.

இப்படிப்பட்ட மாநாடுகளில் பேச்சைவிட அழைப்பிதழில்தான் அரசியல் அதிகம். கல்யாணத்துக்கு யாருக்குப் பத்திரிகை வைத்தோம், யாரை விட்டோம் என்பது வருஷக்கணக்கில் பேசப்படுவதுபோலத்தான். 2021 டிசம்பரில் ஜோ பைடன் முதல் மாநாட்டைக் கூட்டியபோது இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், மாலத்தீவு ஆகிய நாடுகளுக்கு அழைப்பு போனது. இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் இல்லை. பாகிஸ்தான் அழைப்பை ஏற்கவில்லை. தைவான் அமைச்சர் ஆட்ரி டாங் காணொளியில் பேசும்போது ஒரு வரைபடம் காட்டினார். அதில் தைவான் பச்சை, சீனா சிவப்பு, இரண்டும் தனித்தனி நாடுகள்போல. சற்று நேரத்தில் திரையில் அவர் முகம் மறைந்து குரல் மட்டும் கேட்டது. கருத்துச் சுதந்திரத்துக்காகக் கூட்டிய கூட்டத்தில் ஒரு நிறத்துக்கே இந்தப் பாடு! சியோல் மாநாட்டில் அவரது உரையைப் பதிவுசெய்து ஒளிபரப்பினார்கள். அதற்கும் பெய்ஜிங் கண்டனம் தெரிவித்தது.

யாரை அழைப்பது என்று இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்கள், அழைப்பவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. சியோலில் அறிகுறிகள் இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பரில் ‘நியூஸ்தாபா’ என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனத்தில் அரசு வழக்கறிஞர்கள் புகுந்து சோதனை நடத்தினார்கள். அதிபரை அவதூறு செய்தார்கள் என்பது புகார். யூனே முன்னாள் தலைமை அரசு வழக்கறிஞர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாநாட்டுக்குச் சில நாள் முன்புதான் ஸ்வீடனின் வி-டெம் ஆய்வு நிறுவனம், ஜனநாயகம் சரிந்துவரும் நாடுகளின் வரிசையில் தென் கொரியாவையும் வைத்திருந்தது. விருந்தாளியாகப் போன எந்த அமைச்சர் இதையெல்லாம் மேடையில் எடுப்பார்? மாநாட்டை ஏற்று நடத்துவதால் ஒரு அரசுக்குக் கிடைக்கும் பெரிய லாபம், மூன்று நாளைக்கு அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதுதான்.

டிசம்பர் 3-க்கு வருவோம். ராணுவத் தளபதியின் பெயரில் வந்த முதல் ஆணை நாடாளுமன்றம், கட்சிகள், பேரணிகள் எல்லாவற்றின் செயல்பாட்டையும் தடை செய்தது. ஊடகங்கள் ராணுவக் கட்டுப்பாட்டில் என்றது. வேலையை விட்டுப் போராடிய பயிற்சி மருத்துவர்கள் 48 மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று ஒரு பிரிவு வேறு. செயற்கை நுண்ணறிவும் இல்லை, டீப்ஃபேக்கும் இல்லை. 1980-ல் ராணுவ ஆட்சியாளர் சுன் டூ ஹ்வான் காலத்தில் வந்த அதே பழைய பாணி. அந்த ஆண்டு குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றதை நாவலாக எழுதிய ஹான் காங், இந்த அறிவிப்புக்கு ஒரு வாரம் கழித்து ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கினார்.

தற்காப்பும் பழைய பாணிதான், கூடவே கைபேசி. எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே மியுங் காரில் போய்க்கொண்டே நேரலையில் மக்களை நாடாளுமன்றத்துக்கு வரச் சொன்னார். பிறகு சுற்றுச்சுவர் ஏறிக் குதித்தார். 67 வயது சபாநாயகர் ஊ வொன் ஷிக்கும் வேலி தாண்டித்தான் உள்ளே போனார். ஹெலிகாப்டரில் இறங்கிய சிறப்புப் படையினர் ஜன்னலை உடைத்து நுழைய, ஊழியர்கள் மேஜை நாற்காலிகளை வாசலில் குவித்து, தீயணைப்புக் கருவியைப் பீய்ச்சி வழி மறித்தார்கள். உறுப்பினர்கள் ‘சீக்கிரம் ஓட்டெடுங்கள்’ என்று அவசரப்படுத்த, சபாநாயகரோ தீர்மானம் முறைப்படி அவைக்கு வரட்டும் என்று காத்திருந்தார். நடைமுறை பிசகினால் நாளைக்கு அதைச் சொல்லியே ஓட்டைச் செல்லாததாக்கி விடுவார்களே! என்னைக் கேட்டால் அந்த இரவின் பெரிய துணிச்சல் வேலி தாண்டியதில் இல்லை, அந்தக் காத்திருப்பில்தான் இருந்தது. ஒரு மணிக்கு வாக்கெடுப்பு. 300 பேர் கொண்ட அவையில் வந்திருந்தவர்கள் 190, ராணுவச் சட்டத்தை நீக்கச் சொல்லி வாக்களித்தவர்களும் 190. அதில் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள்.

நாடாளுமன்றப் பெரும்பான்மை கேட்டால் அதிபர் ராணுவச் சட்டத்தை நீக்கியே ஆக வேண்டும் என்கிறது கொரிய அரசியல் சாசனத்தின் 77-வது பிரிவு. ஆறு மணி நேரத்தில் யூன் பின்வாங்கினார்.

மாநாடு நடத்திய நாடு சறுக்குவது இது முதல் முறையல்ல. 2000-ல் வார்சாவில் 106 நாடுகள் கையெழுத்திட்டு உருவான ‘ஜனநாயக நாடுகளின் சமூகம்’ 2007-ல் மாலி தலைநகர் பமாகோவில் அமைச்சர்கள் மாநாட்டைக் கூட்டியது. 2012-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2015-ல் எல் சால்வடாரின் முறை. அங்கே 2022-ல் வந்த நெருக்கடி நிலை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டது. தாய்லாந்துப் பிரதமர் யிங்லக் ஷினவத்ரா 2013-ல் மங்கோலியாவில் நடந்த மாநாட்டுக்கு விருந்தாளியாகப் போய், தன் அண்ணனைக் கவிழ்த்த 2006 ராணுவப் புரட்சியைப் பற்றிப் பேசினார். மறு ஆண்டே தாய்லாந்தில் இன்னொரு ராணுவப் புரட்சி.

யூன் மீதான பதவி நீக்கத் தீர்மானம் டிசம்பர் 14 அன்று 204 வாக்குகளில் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். டிசம்பர் 3 இரவு நாடாளுமன்றத்தால் அவ்வளவு விரைவாக வாக்களிக்க முடிந்ததற்கு அவர்கள் இரண்டு காரணங்களைத் தீர்ப்பில் எழுதினார்கள்: மக்கள் எதிர்த்து நின்றது ஒன்று, ராணுவத்தினரும் போலீஸாரும் இட்ட வேலையை அரைமனதோடு செய்தது இன்னொன்று.