கழிக்கக் கழிக்கக் கூடும் வேலை

பழைய புல்லட் ஒன்றிலிருந்து எதையெல்லாம் கழற்றிவிடலாம்? பின்சீட்டு, கேரியர், கிராஷ் கார்டு, சாரி கார்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகரப் பெட்டிகள், முன்னும் பின்னும் அகன்ற மட்கார்டுகள், நிமிர்ந்து உட்கார்ந்து பிடிக்கிற ஹேண்டில்பார். இத்தனையும் போனபின் மிஞ்சுவது இரண்டு சக்கரம், நடுவே எஞ்சின், மேலே நீண்ட டேங்க், ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன சீட்டு, அதன் வால் பக்கம் ஒரு திமில். இதுதான் கஃபே ரேஸர்.

பார்க்க எளிதுதான். மயிலாப்பூரிலோ அடையாறிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் முணுமுணுப்புக்கு நடுவே இப்படி ஒன்றைச் செய்ய இறங்குகிறவர்கள் அந்த எளிமையில் மயங்கித்தான் இறங்குகிறார்கள். ஒரு ஸ்பேனர் செட்டும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும் என்று நினைப்பு. போதாது. கழற்றிய ஒவ்வொரு சாமானும் தன் இடத்தில் இரண்டு வேலையை வைத்துவிட்டுத்தான் போகும்.

இந்த வடிவம் பிறந்தது லண்டனில். நகரின் வடக்குச் சுற்றுச்சாலையில் 1938-ல் திறந்த ஏஸ் கஃபே, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் சிதைந்து 1949-ல் மறுபடி எழுந்தது. லாரிக்காரர்கள் வந்துபோன அந்தக் கடையை 1950-களில் மோட்டார்சைக்கிள் இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடுவதுதான் அவர்கள் லட்சியம். ஷோரூமிலிருந்து வந்தபடியே அந்த வேகத்தை எட்டும் வண்டிகள் அப்போது குறைவு. இருந்தவற்றின் விலையும் எட்டாது. ஆகவே எடையைக் குறைத்தார்கள். காற்று நெஞ்சில் மோதாதபடி ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள், கால் வைக்கும் கட்டையைப் பின்னால் தள்ளினார்கள். நார்ட்டன் சேஸிஸில் ட்ரயம்ப் எஞ்சினைப் பொருத்தி ‘ட்ரைட்டன்’ என்று பெயர் வைத்தார்கள். பையன்கள் வீட்டில் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து கம்பெனிகளுக்கும் ஆசை வந்தது. ராயல் என்ஃபீல்ட் 1964-ல் 250 சிசி கான்டினென்டல் ஜிடியைக் கொண்டுவந்து, பிரிட்டனின் வடகிழக்கு முனையான ஜான் ஓ கிரோட்ஸிலிருந்து தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்ட் வரை 24 மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்டியது.

இந்தக் கதையின் மறுபாதி வடசென்னையில் நடந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள். 1960-களின் தொடக்கத்துக்குள் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் என்ஃபீல்ட் வண்டி தயாரிப்பே நின்றுபோனது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி என்ற அதே காஸ்ட் அயர்ன் எஞ்சினை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை செய்துகொண்டே இருந்தது. லண்டன்காரர் ஏலத்தில் தேடிப் பிடிக்கவேண்டிய 1950-களின் ஆங்கில எஞ்சின், சென்னையில் நேற்றுவரை பால் கேன் சுமந்த வண்டியில் இருக்கிறது. கஃபே ரேஸருக்குச் சென்னை பொருத்தமான ஊர் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

வேறு வண்டிகளும் உண்டு. மைசூரு ஐடியல் ஜாவாவின் யெஸ்டி நல்ல தேர்வு. யமஹா ஆர்எக்ஸ் 100-ன் 98 சிசி எஞ்சின் 11 குதிரைசக்தி தருகிறது. வண்டி எடையும் குறைவு. 1980-களின் ராஜ்தூத் 350 கையில் சிக்கினால் அதை வெட்டாமல் அப்படியே வைத்திருப்பதே புண்ணியம். மூல வடிவத்தில் மிஞ்சியிருப்பவை குறைந்துகொண்டே வருகின்றன.

வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கவேண்டும். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். எஞ்சினை ரீபோர் செய்யலாம், பிஸ்டன் மாற்றலாம், கிராங்கைப் பிரித்துக் கோக்கலாம். ஒத்துப்போகாத எண்ணை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது.

சாமான்களுக்கு அதிக தூரம் அலையவேண்டியதில்லை. ராயப்பேட்டைக்கும் மவுண்ட் ரோடுக்கும் நடுவிலுள்ள ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, ஊரார் சொல்லும் ஜி.பி. ரோடு, புது உதிரிபாகங்களுக்கும் அலங்காரச் சாமான்களுக்கும் பேர்போனது. கிளட்ச் கேபிளிலிருந்து ரவுண்டு ஹெட்லைட் வரை அங்கே கிடைக்கும். எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை பழைய சாமான்களின் ஊர். பிரித்த வண்டிகளின் ஃபோர்க், ரிம், டேங்க் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கின்றன. அங்கே போகும்போது பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர்தான் சரியான பாகத்தோடு திரும்புகிறார். போன் படத்தை நம்பிப் போகிறவர் மறுநாளும் போகவேண்டியிருக்கும்.

இனி முதல் கழித்தல்: ஹேண்டில்பார். மற்ற வண்டிகளில் ஹேண்டிலை எடுத்துவிட்டு ஃபோர்க் குழாய்களில் ஆளுக்கொன்றாகக் கவ்வும் கிளிப்-ஆன் ஹேண்டிலை மாட்டிவிடலாம். புல்லட்டில் அது நடக்காது. அதன் ஹெட்லைட் கூடுதான் ஃபோர்க் குழாய்களின் தலையைப் பிடித்திருக்கும் மேல்தட்டு; ஸ்பீடோமீட்டரும் ஆம்பியர் மீட்டரும் அதிலேயே குந்தியிருக்கின்றன. கிளிப்-ஆன் வேண்டுமென்றால் கூடு மொத்தமும் போகவேண்டும். அதற்குப் பதிலாக வேறு மேல்தட்டு, ஹெட்லைட்டுக்குத் தனிப் பிடி, மீட்டருக்குத் தனி இடம், எல்லாவற்றுக்கும் புது ஒயர் என்று வேலை நீள்கிறது. கூடவே, பிடிகளைப் பொருத்தியபின் ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்க்கவேண்டும். டேங்குக்கும் பிடிக்கும் நடுவே கட்டைவிரல் நசுங்காத இடைவெளி இருக்கிறதா என்பதைத் தெருவில் இறங்கித் தெரிந்துகொள்ளக் கூடாது.

கை தாழ்ந்தால் கால் பின்னால் போகவேண்டும். இல்லாவிட்டால் உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். இங்கேதான் பழைய புல்லட்டின் பிடிவாதம் தெரியும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கால்கட்டையைப் பின்னுக்குத் தள்ளி கியர் லீவரை இணைப்புத் தண்டால் சேர்க்கும்போது, லீவர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த வரிசை தலைகீழாகிவிடும். கிக்கரும் வலது பக்கம்தான். பின்னால் போன கால்கட்டை, கிக்கர் இறங்கும் வழியில் வந்து நிற்கும். மடங்கும் கட்டையை லேத்தில் சொல்லிச் செய்யவேண்டும்; இல்லையென்றால் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். செல்ஃப் ஸ்டார்ட் இல்லாத வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது சீட்டு. பின்பக்கச் சட்டத்தை வெட்டி, வளைத்த குழாய் ஒன்றை வெல்டிங் செய்து, ஃபைபரில் வார்த்த திமில் சீட்டைப் பொருத்துவது வழக்கமான முறை. பின்ஷாக் அப்சார்பரின் மேல்முனை பிடித்திருக்கும் இடத்துக்குப் பின்னால்தான் கத்தி படலாம். அதற்கு முன்னால் வெட்டினால், ஒவ்வொரு வேகத்தடையிலும் ஓட்டுகிறவரின் பாரத்தைத் தாங்குவது அந்த வெல்டிங் மட்டுமே. டேங்கின் அடிக்கோடும் சீட்டின் அடிக்கோடும் ஒரே நேர்கோட்டில் ஓடினால் வண்டி பார்க்க அழகாக இருக்கும். இந்த ஒரு கோட்டைச் சரிசெய்துவிட்டால் பாதி கஃபே ரேஸர் வந்துவிட்டது என்று அடித்துச் சொல்லலாம். ஆயிரம் ஸ்டிக்கர் ஒட்டினாலும் இந்தக் கோடு பிசகினால் வண்டி எடுபடாது.

பக்கப் பெட்டிகள் போனதால் பேட்டரிக்கு வீடில்லை. அது திமிலுக்குள் குடியேறும். அதோடு ஒயர்களும் நகரும். நாற்பது வயதான ஒயரிங்கை ஒட்டுப்போட்டு நீட்டுவதைவிடப் புதிதாகக் கட்டுவது மேல். மிகப் பழைய வண்டியானால் 6 வோல்ட் அமைப்பை 12 வோல்ட்டுக்கு மாற்ற இதுவே தருணம்.

ஏர் ஃபில்டர் பெட்டியும் போய்விட்டது. கார்புரேட்டர் வாயில் நேராகச் சொருகும் கூம்பு ஃபில்டர் பார்க்க அழகு. ஆனால் எஞ்சினுக்குள் இப்போது காற்று கூடுதலாக, பெட்ரோல் பழையபடி. கலவை மெலிகிறது, எஞ்சின் சூடேறுகிறது. மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, ஓட்டிப் பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். காபித்தூள் நிறத்துக்கு வந்தால் சரி. காற்றை மட்டுமே நம்பிக் குளிரும் எஞ்சின் இது. மே மாத நண்பகலில் பனகல் பூங்கா நெரிசலில் நகராமல் நிற்கும்போது, மெலிந்த கலவையின் விளைவை அது சொல்லிக்காட்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் குறைவு. முன்சக்கரத்தின் 7 அங்குல டிரம் பிரேக்குக்குப் புது லைனிங், ஃபோர்க் சீல், ஸ்விங் ஆர்ம் புஷ், ஹேண்டில் பால் ரேஸ், புது டயர் இவையெல்லாம் பெயிண்டுக்கு முன்னால் வரவேண்டியவை. பெயிண்டிலும் சென்னைக்கென்று சில பாடங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அடித்த வார்னிஷ், காற்றின் ஈரத்தில் மூட்டம் போட்டதுபோல் வெளுத்துவிடும். பெயிண்டை முழுக்கச் சுரண்டிப் பளபளக்கும் வெறும் தகட்டோடு டேங்கை விடுவது வெளிநாட்டுப் படங்களில் நன்றாக இருக்கிறது. பெசன்ட் நகர் உப்புக்காற்றில் அது துருப்பிடிக்க வெகுநாள் ஆகாது. சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது எண் பொறித்த இடத்தை மூடி வைக்கச் சொல்லவேண்டும். பெயிண்டுக்குள் மறைந்த எண்ணோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவது வம்பு.

ஆர்.டி.ஓ. என்றதும் பலர் பேச்சை மாற்றுவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றது. சத்தத்துக்குத் தனிக் கணக்கு: ஒலி, புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். சைலன்ஸருக்குள் இருக்கும் தடுப்புகளைப் பிடுங்கிவிட்டு லஸ் முனையில் அதிரவிடுகிறவர் முதலில் மாட்டுவது இதில்தான். அவர்மேல் பரிதாபப்படவும் ஒன்றுமில்லை.

இதில் வேடிக்கை சாரி கார்டு. கஃபே ரேஸர் செய்கிறவர் முதலில் கழற்றி எறிகிற இந்தச் சாமானை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி கட்டாயமாக்கியிருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால்கட்டை, அவர் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, மூன்றும் வேண்டும். இருவர் அமர என்று பதிவான வண்டியில் ஒற்றை சீட்டு போட்டால் ஆர்.சி. விவரத்தோடும் முரண். பதிவுக்கு 15 ஆண்டு முடிந்தபின், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மந்தைவெளியிலோ திருவான்மியூரிலோ வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். பழைய வண்டியின் சொந்தக்காரருக்கு இந்தத் தேதி பிறந்தநாளைவிட நன்றாக நினைவிருக்கும்.

ஆகவே விவரமறிந்தவர்கள் வெட்டுவதில்லை. சேஸிஸில் கத்தி வைக்காமல், மூலத் துளைகளிலேயே போல்ட் போட்டு மாட்டும் வேலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: இருவர் அமரும் தட்டையான மெல்லிய சீட்டு, தாழ்ந்த நேர் ஹேண்டில், மெலிந்த மட்கார்டு, அளவான சாரி கார்டு, கம்பெனி சைலன்ஸர். நிறம் மாறினால் ஆர்.சி.யில் பதிந்துவிடுகிறார்கள். கழற்றியவை எண்ணெய் தடவி, காகிதம் சுற்றிப் பரணில் இருக்கின்றன. முழு கஃபே ரேஸரின் வெறித்த அழகு இதில் வராது என்பது உண்மை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது முதுகு பிழைத்திருக்கும்.

சேஸிஸை வெட்டியே தீருவேன் என்கிறவர்களுக்கும் ஊரில் முன்னோர் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. கழற்றி எடை குறைக்கும் வித்தையைச் சென்னை மெக்கானிக்குகள் அங்கேதான் பழகினார்கள். பிறகு பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. ஒற்றை சீட்டும் திறந்த சக்கரமும் உள்ள வண்டியை அங்கே குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போகலாம். நடுவழியில் யாரும் சாரி கார்டு எங்கே என்று கேட்கமாட்டார்கள். இரண்டும் வேண்டாம், கை அழுக்காகாமல் குனிந்து ஓட்டினால் போதும் என்பவருக்கு என்ஃபீல்ட் கம்பெனியே பதில் வைத்திருக்கிறது: 2013-ல் 535 சிசியில் திரும்பி வந்த கான்டினென்டல் ஜிடி, 2018-லிருந்து 648 சிசி இரட்டை சிலிண்டரோடு காஞ்சிபுரம் மாவட்டத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதன் கிளிப்-ஆனும் பின்தள்ளிய கால்கட்டையும் கம்பெனி பொருத்தியவை, ஆர்.சி.யில் தகராறு இல்லை.